சத்தமில்லாத அரை நிமிடம்

“முனாப் வந்திட்டாரோ?” என்று ஐந்தாவது ஆள் கேட்டபோது கிறிஸ்டின் புருஷனின் விரல்களுக்கிடையே செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். விரல்கள் விறைத்துப்போயிருந்ததால் மணிகள் நழுவி நழுவி விழுந்தன. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெட்டிக்குள் கிடப்பது அவளுடைய புருஷன். இருபத்தாறு வருஷம் சோறு போட்டவள் அவள். ஆனாலும் செத்தவீட்டுக்கு வந்தவர்கள், கோயில் ஆட்களும் சரி, துறைமுகத்து ஆட்களும் சரி, வாசலில் செருப்பைக் கழற்றியதும் முதலில் தேடியது அவருடைய கூட்டாளி முனாபைத்தான்.

“அக்கா, கிண்ணியாக்குச் சொல்லி அனுப்பினதுதானே?” என்று ஞானசேகரம் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர். பந்தல், பெட்டி, கோப்பி எல்லாம் அவர் பொறுப்பு.

“ஓம். நேற்றே சொல்லியாச்சு.”

பச்சைப் பொய். சூசைப்பிள்ளை வெள்ளிக்கிழமை விடியற்காலை ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அன்று காலை எட்டு மணிக்குக் கிண்ணியா பஸ் அவள் வீட்டு வாசலைக் கடந்துதான் போனது. கையைக் காட்டி மறித்து றைவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பத்து மணிக்குள் செய்தி துறையைத் தாண்டி அக்கரைக்குப் போயிருக்கும். கிறிஸ்டின் வாசல் படலையில் நின்று பஸ் வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கே அடக்கத்தை வைத்துவிடப் பங்குச் சுவாமியிடம் கேட்டும் பார்த்தாள். கோயிலில் கலியாணம் இருக்கிறது, நாலு மணிக்கு முன் முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். ஏன் இரண்டு மணி என்று யாருக்கும் விளங்கவில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு, யாரும் அழைக்காமலே, முனாப் வந்து நிற்பார். இருபத்தைந்து வருஷமாக ஒரு சனிக்கிழமை தவறியதில்லை.

முனாபும் சூசைப்பிள்ளையும் ஒரு காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒன்றாக வேலை செய்தவர்கள். சூசைப்பிள்ளை கிரேன் ஓட்டினார், முனாப் கீழே நின்று மூட்டைக் கணக்கு எழுதினார். பிறகு முனாப் வேலையை விட்டுக் கிண்ணியாவில் பிடவைக்கடை போட்டார். கடை போட்டாலும் சனிக்கிழமை டவுனுக்கு வந்து படம் பார்ப்பதும், பார்த்த கையோடு இங்கே வந்து சூசைப்பிள்ளையுடன் மல்லுக்கட்டுவதும் நிற்கவில்லை. மல்லுக்கட்டு படத்தைப் பற்றியல்ல. கதாநாயகி அழுதாளா சிரித்தாளா என்பது இந்த இரண்டு பேருக்கும் தெரியாது. அவள் அழும்போது எத்தனை வயலின் வாசித்தார்கள் என்று தெரியும். ஒரு படம் பிடித்துவிட்டால் அடுத்த காட்சிக்குத் தியேட்டரின் பின் ஒழுங்கைக்குப் போய், திரைக்குப் பின்னாலுள்ள தகரச் சுவரில் காதை வைத்துக்கொண்டு இரண்டரை மணித்தியாலம் நிற்பார்கள். முகங்கள் குறுக்கே வராமல் இசையை மட்டும் கேட்க வேண்டுமாம். இரண்டுக்கும் தலை பிசகிவிட்டது என்று ஊரே சிரித்தது.

“பாட்டுக்கு முன்னுக்கு வாற துண்டு இருக்கே, அதுதான் பாட்டு. மற்றதெல்லாம் அதுக்குச் சோடினை,” என்பார் சூசைப்பிள்ளை.

“மெட்டு இல்லாட்டி முன் துண்டை வச்சு என்ன மச்சான் செய்யிற?” என்பார் முனாப்.

குசினியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு கிறிஸ்டின் கேட்பாள். இரண்டு பேர் சொல்வதும் பிழை என்று அவளுக்குத் தெரிந்த நாட்களும் இருந்தன. சொல்லமாட்டாள். கலியாணமான புதிதில் ஒரு முறை சொன்னவள்தான். படம் விட்டுச் சைக்கிள் பாரில் இருந்து வரும்போது, “அந்தக் கலியாண வீட்டில எல்லாம் சந்தோசமா வாசிக்கேக்க, அடியில ஒரு தம்புரா மட்டும் சோகமாக் கிடந்தது கேட்டதே?” என்றாள். சூசைப்பிள்ளை மிதித்துக்கொண்டே, “உனக்குப் படம் எண்டா கதை. மியூசிக்கை எனக்கும் முனாபுக்கும் விடு,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மனைவியைச் செல்லமாகச் சீண்டுவதாகத்தான் நினைத்திருப்பார். ஆனால் அடுத்த சனிக்கிழமை அதே தம்புராவைப் பற்றி முனாபிடம் ஒரு மணித்தியாலம் கதைத்தார். அன்று குசினியில் நின்றபடி அவளுக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் அது அணையவில்லை.

இன்னொரு பெண் என்றால் கூந்தலைப் பிடித்து இழுத்து ஒரு வழி பண்ணியிருக்கலாம். பிடவைக்கடைக்கார மனுஷனை என்ன செய்வது?

மூன்று மணிக்குக் கொஞ்சம் முந்தி, மெழுகுதிரிக்கு நெருப்புப்பெட்டி எடுக்கக் குசினிக்குப் போனவள் பின்வளவுப் படலை திறக்கும் சத்தம் கேட்டு நின்றாள். பஸ்ஸை விட்டு இறங்கி றெயில் பாதைப் பக்கமாகக் குறுக்கே வந்தால் பின்படலைதான். முன்வாசல் பந்தலும் வெள்ளைக் கொடியும் அந்த வழியாக வருகிறவர் கண்ணில் படாது.

“தங்கச்சி! எங்க அவன்?” முனாபின் ஒரு கையில் பாட்டுப் புத்தகம், மற்றக் கையில் வழக்கமான தொதல் இனிப்புப் பார்சல். “புதுப் படத்தில இடைவேளைக்கு முந்தி ஒரு துண்டு வருதே, அதை வயலின் எண்டு சண்டை பிடிச்சான். இண்டைக்குத் திரும்பவும் கேட்டுட்டு வாறன். சாரங்கி! அவனை இண்டைக்கு வாய் திறக்க விடமாட்டன்.”

நானா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்று அவள் நேற்றிலிருந்து யோசித்து வைத்திருந்ததெல்லாம் கடுமையான வார்த்தைகள். வாயில் வந்தது வேறு.

“அவர் போயிட்டார், நானா.”

“எங்க, கடைக்கோ?”

“நேற்று விடிய. ஆஸ்பத்திரியில.”

முனாப் பாட்டுப் புத்தகத்தைச் சேர்ட் பைக்குள் வைத்தார். திரும்ப எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் குசினித் திண்டில் வைத்துவிட்டு, வாய்க்குள் துஆ ஓதினார். பிறகு, “ஒருத்தரும் எனக்குச் சொல்லல்லியே,” என்றார்.

“மறந்துபோனன்.”

“ஓம், ஓம். உங்களுக்கு இரிக்கிற கவலையில என்ட நினைப்பு எங்கால வரும்?”

திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

உள்ளே வந்ததும் அவருக்கு நடந்த உபசாரத்தைப் பார்க்க வேண்டுமே! ஞானசேகரம் ஓடிப்போய் நல்ல கதிரையைத் தூக்கிவந்து பெட்டியின் தலைமாட்டில் போட்டார். மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த தங்கை றீற்றா, “நீ கொஞ்சம் அங்கால இரு அக்கா,” என்று கிறிஸ்டினை நகர்த்தினாள். முனாப் தோள் குலுங்க அழுதார். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், ஒருத்தி விசிறினாள். துறைமுகத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்தார்கள். தாலியறுத்தது அவளா அவரா என்று புதிதாக வந்தவர்கள் குழம்பியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

“நேற்றே சொல்லி அனுப்பினது. இப்பதான் வாறீங்கள்?” என்று ஞானசேகரம் கேட்டார்.

முனாப் ஒருமுறை கிறிஸ்டினைப் பார்த்தார்.

“ஓம், சொன்னவங்கதான். துறையில தோணி கிடைக்கல்ல. பிந்திட்டன்,” என்றார்.

இதையும் அவளால் தாங்க முடியவில்லை. பொய்யைக்கூட அவளுக்காக அவரே சொல்லிவிட்டார்.

கோப்பி வந்தது. செத்தவரைப் பற்றிய பேச்சும் வந்தது. ஞானசேகரம் தபால்காரன் படத்துக் கதையை எடுத்தார். படத்தின் பெயர் வேறு. இந்தத் தெருவில் அதற்குத் தபால்காரன் படம் என்றுதான் பெயர். மகன் செத்த தந்தியைத் தாய்க்குத் தபால்காரன் வாசித்துச் சொல்கிறான். அந்தத் தாயின் முகத்தை அரை நிமிடம் காட்டுகிறார்கள். அந்த அரை நிமிடமும் திரையில் ஒரு சத்தமும் கிடையாது.

“சூசையண்ணை என்ன சொன்னவர் தெரியுமோ? ‘ஐம்பது வயலினை இருத்தி வச்சுக்கொண்டு ஒருத்தனையும் வாசிக்காதே எண்டு சொன்னான் பாரு, அவன்தானடா மியூசிக் டைரக்டர்’ எண்டவர். பதினொரு வருசமாச் சொன்னவர். என்ட மகளின்ட கலியாண வீட்டிலயும் சொன்னவர்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். முனாப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்டின் மெழுகுதிரியைச் சரிசெய்யும் சாட்டில் தலைமாட்டுக்குப் போனாள்.

அவளிடம் ஒரு சாமான் இருந்தது. ஒன்பது வருஷமாகப் பொத்தி வைத்திருந்தாள். றீற்றாவின் பிள்ளைப்பேற்றுக்கு மட்டக்களப்புக்குப் போயிருந்தபோது அங்கே அதே படம் ஓடியது. போய்ப் பார்த்தாள். தந்தி வாசித்த இடத்தில் இசை வந்தது! தாயின் முகத்தைக் காட்டியபோது வாசித்தார்கள். திருகோணமலையில் ஓடிய பிரதியில்தான் ஏதோ கோளாறு. சூசைப்பிள்ளை கொண்டாடிய அந்த மௌனத்தை எந்த இசையமைப்பாளனும் போடவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லத்தான் நினைத்தாள். மியூசிக்கை எனக்கும் முனாபுக்கும் விடு என்றவரின் முகம் அப்போது எப்படிப் போகும் என்று வழியெல்லாம் நினைத்துச் சந்தோசப்பட்டாள். ஆனால் வந்த அன்றைக்கே அவர் யாரோ ஒருவருக்கு அந்த அரை நிமிடத்தை விளக்கிக்கொண்டிருந்தார். கையை உயர்த்தி, அப்படியே அந்தரத்தில் நிறுத்தி, மூச்சையும் பிடித்துக்கொண்டு. அவளுக்கு மனம் வரவில்லை. பிறகு அது அவளுடைய சொத்தாகிவிட்டது. அவரைப் பற்றி முனாபுக்குத் தெரியாத ஒன்று, அவருக்காக முனாப் செய்யாத ஒன்று, அவளிடம் மட்டும் இருந்தது.

இப்போது அதை எடுத்து வீச வேண்டும் போலிருந்தது. குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“நானா, உங்களுக்கு ஒண்டு தெரியுமோ? அந்த இடத்தில மியூசிக் இருக்கு.”

முனாப் தலையைத் தூக்காமலே, “தெரியும்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“தியேட்டரில மெசின் ஓட்டின குணரத்தினம் சொன்னவன். படச் சுருளில சத்தம் பதிஞ்ச கரை அந்த இடத்தில கிழிஞ்சு போச்சாம். ஓட்டினா ஸ்பீக்கர் கறகற எண்டு கத்துமாம். சனம் கூக்காட்டும் எண்டு ஒவ்வொரு காட்சிக்கும் அந்த இடத்தில சத்தத்தைக் குறைச்சு விட்டிரிக்கான்.”

“எப்ப சொன்னவர்?”

“படம் ஓடின அடுத்த கிழமையே.”

பதினொரு வருஷம். அவளைவிட இரண்டு வருஷம் முந்தி. கிறிஸ்டின் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் நீங்க அவரிட்டச் சொல்லேல்ல?”

“எப்படித் தங்கச்சி சொல்ற? அவன் கையை இப்படித் தூக்கிக்கொண்டு நிப்பானே.” முனாப் கையை உயர்த்தி அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார். “நீங்களும் சொல்லல்லத்தானே?”

அவளுக்கென்று இருந்த அந்த ஒன்றிலும் இந்த மனுஷன் முன்னாலேயே வந்து குந்திவிட்டார். இனி எதை வைத்துக்கொள்வது?

“நான் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போன நேரம் கேட்டனான்,” என்றார் முனாப் மெதுவாக. “அவ்வளவு நல்லாயில்ல. அவன் சொன்ன அமைதிதான் அந்த இடத்துக்குச் சரி.”

“நல்லாயில்லையோ?” கிறிஸ்டினின் குரல் உயர்ந்துவிட்டது. இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள், நிறுத்தவில்லை. “ஒரேயொரு குழல். வேற ஒண்டும் இல்லை. மகன் சின்னனில தொட்டிலில கிடக்கேக்க வாசிச்ச அதே துண்டு, அரைவாசியில நிக்குது. அதுக்குப் பிறகும் அவள் ஆட்டுறமாதிரிக் கையை வச்சுக்கொண்டு நிக்கிறாள். அது நல்லாயில்லையோ? நீங்க மியூசிக்கைக் கேட்டனீங்க, தாயைப் பாக்கேல்ல.”

முனாப் அவளை நிமிர்ந்து பார்த்தார். இருபத்தைந்து வருஷம் தேத்தண்ணி கொடுத்த கையைப் பார்த்திருக்கிறார். முகத்தை இப்போதுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

“தொட்டில் துண்டோ?” என்றார். “அது எனக்குப் பிடிபடல்லியே, தங்கச்சி.”

“அவருக்குப் பிடிபட்டிருக்கும்.”

“ஓம்,” என்றார் முனாப். “அவனுக்குப் பிடிபட்டிரிக்கும்.”

சுவாமி வந்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். செபம் முடிந்து தீர்த்தம் தெளித்ததும் இரண்டு பேர் பெட்டி மூடியைத் தூக்கி வந்தார்கள். கிறிஸ்டின் கடைசி முத்தத்துக்குக் குனிந்தாள். நெற்றியில் பவுடர் வாசம் வந்தது. அவள் அங்கிருந்து நிமிரவில்லை. காதோடு வாயை வைத்து, உதட்டைப் பிரிக்காமல், அந்தக் குழல் துண்டை முனகினாள். இந்த ஊரில் அதை அவர் கேட்டதில்லை. யாரும் அவருக்குச் சொல்லவுமில்லை. முதல் தடவையாக அவள் வாயால் கேட்கட்டும்.

“அழட்டும், விடுங்கோ. கொஞ்ச நேரம் அழட்டும்,” என்று றீற்றா மூடி தூக்கியவர்களை மறித்தாள்.

பெட்டியின் மற்றப் பக்கத்தில் நின்ற முனாபுக்கு மட்டும் அது அழுகையில்லை என்று தெரிந்தது. துண்டு பாதிக்கு வந்தபோது அவரும் குனிந்தார்.

“அதில கீழ இறங்கும், தங்கச்சி,” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லாயில்லை என்று சொன்ன துண்டை மனுஷன் ஒரு சுரம் பிசகாமல் வைத்திருக்கிறார். அவள் பதில் பேசாமல் முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள். அந்த இடம் வந்தது. குரல் கீழே இறங்கியது. மூடி தூக்கியவர்கள் பாரத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றார்கள்.