முதல் பக்கத்துக்கு ஒரு கவிதை

கணவர் பாதிரியார் அமாசா எரிக்கச் சொல்லி நீட்டிய தாளை டார்கஸ் அடுப்பில் போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

அக்கா எப்சிபா போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் காலத்து அமெரிக்காவில், கனெக்டிகட் பக்கம், பக்தியுள்ள பெண் யாராவது கண்ணை மூடினால், அவள் எழுதிவைத்ததில் நல்லதாகப் பொறுக்கிப் புத்தகம் போடுவது பாதிரியாரின் வேலை. மிச்சம் அடுப்புக்கு. எப்சிபா ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தவள், பத்திரிகைகளில் கவிதை எழுதியவள். தங்கை புருஷனே பாதிரியாராக வாய்த்தது அவள் தலையெழுத்து. வேதபாடக் குறிப்புகள் அவர் பக்கம் சேர்ந்தன. கவிதைகள் புகையாகப் போய்க்கொண்டிருந்தன.

"இதை ஏங்க எரிக்கணும்?"

"கோழி கிளறின மாதிரி இருக்கு. எந்த மனுஷன் படிப்பான்?"

காகிதம் விற்ற விலைக்கு, பக்கம் நிரம்பியதும் தாளைத் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுவது அங்கே பலருக்கும் பழக்கம். ஆனால் எப்சிபாவின் பொடி எழுத்து டார்கஸுக்கு மட்டும்தான் பிடிபடும்.

"நான் படிப்பேன். அவ கவிதை ஒண்ணாவது புத்தகத்துல வரட்டும். இல்லேன்னா அவ இருந்தாங்கிறதுக்கே அடையாளம் இல்லாமப் போயிடும்."

"சரி, படி. கேப்போம்."

ஜெயித்துவிட்ட தெம்பில் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

'என் பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லிப் பாதிரியார் அறிவித்த ஞாயிறு, என் தங்கை ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டுகூடக் கோணவில்லை. இன்னொன்று வைக்கட்டுமா என்று என்னைக் கேட்டாள்.'

டார்கஸ் வாய்விட்டுப் படிக்காமல் கண்ணாலேயே படித்துமுடித்தாள். அந்த ஞாயிறு அவளுக்கு மறந்தே போயிருந்தது. செத்தவள் எழுந்து வந்து கன்னத்தில் அறைந்த மாதிரி எரிந்தது. இவளுக்காகவா இவ்வளவு நேரம் மல்லுக்கு நின்றேன் என்று ஆத்திரமும் வந்தது.

"சத்தமாப் படி. என்ன எழுதியிருக்கா?"

"கர்த்தரோட கிருபையைப் பத்தி."

அமாசாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, கடைசியிலாவது அவளுக்குப் புத்தி வந்திருக்கு! இதுதான் முதல் பக்கம். நீயே தெளிவா எழுதிக் குடு. அச்சுக்காரன் நாளைக்கு வந்துடுவான்."

அவர் மைக்கூட்டை அவள் பக்கம் நகர்த்தினார். டார்கஸ் புதுத்தாளின் தலையில் அக்காவின் பெயரை எழுதினாள். கீழே, எந்த மனுஷனும் படிக்கும்படி, இடம் விட்டு, கொட்டை எழுத்தில்: 'கர்த்தாவே, உம்முடைய கிருபை எனக்குப் போதும்.'

மை காயும்வரை காத்திருந்தாள். பிறகு மடியில் கிடந்த தாளை எடுத்து அடுப்பில் போட்டாள். உள்ளங்கை வேர்வையில் நைந்திருந்த தாள், சட்டென்று பற்றவில்லை.