ரெக்ஸின் வேண்டாம் என்றவர்

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. என் காரின் டிரைவர் சீட்டில் பிறந்தது. 1995. அடையாறில் குடியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊர் திரும்பும்போது விற்ற பழைய கார். சீட்டெல்லாம் மான்தோல் போலப் பொடிமுடி எழுந்து நிற்கும் மெத்தென்ற துணி. டிரைவர் சீட் மட்டும் தேய்ந்து, வியர்வை ஏறி, வழுக்கைத் தலையாகப் பளபளத்தது.

"இதுல உக்காந்துண்டு நான் எங்கயும் வரமாட்டேன். புடவையெல்லாம் ஒட்டிக்கறது" என்றாள் என் மனைவி ஜானு.

2.

தி. நகரின் அந்தச் சந்தில் காலை வெயில் ஒரு பழைய...

(வேண்டாம். இந்தக் கதையில் வெயிலுக்கு வேலையில்லை.)

ஷரீஃப் பாயின் சீட் கவர் கடைக்குப் போனேன். பாய் சீட்டைத் தட்டிப் பார்த்தார். "துணிய அவுத்துப் போட்டு ரெக்ஸின் அடிச்சிரலாம் சார்."

தையல் மெஷினிலிருந்து ஒரு குரல் வந்தது. "வாணாம் பாய். துணி சாவல. முடி படுத்துகினு கீது, அவ்ளோதான்."

அவர் தங்கபுஷ்பம். நொச்சிக்குப்பத்திலிருந்து வருபவர். ஒன்பது வருடமாக அங்கே கவர் தைக்கிறார். வண்டிக்காரர்களிடம் பேசுவதும் வேலையைத் தீர்மானிப்பதும் பாய்தான்.

"நீ எழுப்பிடுவியா?" என்றார் பாய்.

"எழுப்பிட்டா, அடுத்த வண்டிக்காரர்கிட்ட நான்தான் பேசுவேன். இல்லாங்காட்டி வாயே தொறக்கமாட்டேன்."

"சரி" என்று பாய் சிரித்தார். நான் சாவியைத் தங்கபுஷ்பத்திடம் கொடுத்தேன்.

3.

முதல் வரைவில் அவர் கை நடுங்கியதாக எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது, "நான் இன்னாத்துக்கு நடுங்கணும்? நடுங்கினது நீதான் சார்" என்றார். அடித்துவிட்டேன். உண்மை அதுதான்.

தூசியைத் தட்டி எடுத்தார். சோப்பு நுரையை மட்டும் துணியில் தொட்டு ஒற்றினார். உருண்டு நின்ற நூல் பிசிறுகளை பிளேடால் சீவினார். கெட்டில் ஆவியைக் காட்டி, மெல்லிய பிரஷ்ஷால் எதிர்த்திசையில் வாரினார். துணியின் சாம்பல் நிறம் மெல்லத் தெளிந்தது.

மறுநாள் காலையில் போனால், சீட்டின்மேல் ஒரு டவல் விரித்திருந்தது. (காய்வதற்காகத்தான் விரித்தேன் என்று பாய் இன்றும் சொல்கிறார்.) தங்கபுஷ்பம் டவலை உருவினார். நடுவில் தட்டளவு நீர்க்கறை.

"பாரு சார். நொரைய எடுக்க தண்ணி ஜாஸ்தி வுட்டது நான்தான். மூடி வெச்சா பூடாது. தையல்ல இருந்து தையல் வரிக்கும் ஒரே மாரி நனைச்சாத்தான் பூடும்."

"கறை மேலயே தண்ணியா? மொத்த சீட்டும் போயிரும்மா!" பாய் தலையில் கைவைத்தார்.

தங்கபுஷ்பம் என்னைப் பார்த்தார். அப்போது நான் கம்பீரமாக ஏதோ சொன்னதாக எழுத ஆசை. சரியென்று தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

சீட் முழுவதையும் ஒரே சீராக ஈரப்படுத்தினார். ஃபேனைத் திருப்பி வைத்து, காயக் காய வாரிக்கொண்டே இருந்தார். சாப்பிடக்கூட எழவில்லை. நாலு மணிக்குக் கறை இல்லை. துணி எழுந்து நின்றது.

"தேய்ஞ்ச சீட்டுன்னு ஒருத்தனும் சொல்லமாட்டான்" என்றார் பாய்.

"சொல்லணும் பாய். தேய்ஞ்சி கெடந்துச்சு, தங்கபுஷ்பம் எழுப்புச்சுன்னு சொல்லணும்."

4.

முடிவு அ: தங்கபுஷ்பம் மந்தைவெளியில் தனிக்கடை போடுகிறார். ("யாரு கேட்டா? எனக்கு இந்தக் கடைதான் புடிச்சிகீது.")

முடிவு ஆ: பாய் கொடுத்த வாக்கை மறக்கிறார். ("அவர் மேல பழி போடாத சார்.")

நடந்தது இது. மறுவாரம் இன்னொரு கார் வந்தது. பின்சீட் துணியை நாய் பிராண்டி வைத்திருந்தது. சொந்தக்காரர் சிதம்பரநாதன், "முதலாளி யாருங்க?" என்று கேட்டார்.

"வேலையப் பத்தின்னா அவங்ககிட்ட பேசுங்க" என்று பாய் மெஷின் பக்கம் கைகாட்டினார்.

தங்கபுஷ்பம் எழுந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கார்க் கதவைத் திறந்து, சீட்டை நெடுநேரம் தடவிப் பார்த்தார். சிதம்பரநாதன் காத்திருந்தார். பாயும் காத்திருந்தார்.

முடியும் என்றாரா, முடியாது என்றாரா? எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். அந்தச் சந்தில் அன்று கடைசி வார்த்தை அவருடையது. அதை நான் சொன்னால் என்னுடையதாகிவிடும்.