ஒரு நேரத்தில் ஓர் எலக்ட்ரான்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. வேறு காரணம் தேடாதீர்கள். என் அக்கா பதினோரு மாதம் பாடுபட்டுச் செய்த மின்னணுச் சிப்பை அவளுடைய பேராசிரியர் ஒரே நொடியில் பொசுக்கிவிட்டு, பழியை அவள் தலையில் கட்டப் பார்க்கிறார். 'என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்ற கடிதத்தில் இன்று மாலை ஐந்து மணிக்குள் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவளுடைய ஆய்வு வேறொருவர் கைக்குப் போகும். போடாவிட்டால் அவர் பரிந்துரைக் கடிதம் தர மாட்டார். அது இல்லாமல் வேறெந்த ஆய்வகமும் அவளைச் சேர்க்காது.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'மின்சாரம் ஆறு போல ஓடிக்கொண்டிருந்த அந்த அறையில்—'

அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஆறும் இல்ல, குளமும் இல்ல. அடிச்சுடு."

"அப்போ என்னதான் நடக்குது அங்க?"

"சிப்புக்கு நடுவுல தீவு மாதிரி ஒரு இடம். கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு சின்னது. நல்லா குளிர வச்சா ஒரு நேரத்துல ஒரு எலக்ட்ரான்தான் உள்ள போகும். அது உள்ள இருக்கிற வரைக்கும் அடுத்ததைத் தள்ளி நிறுத்திடும். பக்கத்துல வோல்டேஜைக் கொஞ்சம் மாத்தினா வழி கிடைக்கும், அது வெளிய போகும், அடுத்தது வரும். அதனால கரண்ட் சீரா ஏறாது. வரும், நிக்கும், வரும், நிக்கும்."

"உங்க ஆபீஸ் மாதிரின்னு சொல்லு. ஒருத்தர் நாற்காலியில உக்காந்துட்டா—"

"என் எலக்ட்ரானை உன் உவமைக்கு இழுக்காதடி. அதுக்கு யார் மேலயும் பொறாமை கிடையாது."

(உவமை அடிக்கப்பட்டது. நல்ல உவமைதான். வயிற்றெரிச்சலோடுதான் அடித்தேன்.)

3

பேராசிரியருக்கு ஆய்வகத்தில் 'மைக்' என்று பெயர். நாலு பேர் சேர்ந்து நின்றால் பேச ஆரம்பித்துவிடுவார். சிப் பொசுங்கிய அன்று காலை விருந்தினர்களை அழைத்துக்கொண்டு அளவீட்டு அறைக்கு வந்தார்.

கேபிளைத் தொடும் முன் எர்த் ஸ்விட்சைப் போடு, மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டு என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறது. நடந்து வந்த உடம்பில் சேர்ந்திருக்கும் மின்னூட்டமே அந்தத் தீவைக் கருக்கப் போதும். மைக் பட்டை கட்டவில்லை, ஸ்விட்சையும் போடவில்லை. "எல்லாம் இதுக்குள்ளதான்" என்று கேபிளைக் கழற்றிக் காட்டிவிட்டுத் திரும்பச் செருகினார்.

கணினி நொடிக்கு நொடி கரண்டைப் பதிவு செய்கிறது. வரும், நிற்கும், வரும். பதினொன்று நாற்பத்திரண்டுக்குப் பிறகு வெறும் தட்டைக் கோடு.

[இந்த இடத்தில் அவரையும் ஒரு மனிதராகக் காட்ட வேண்டும். நோயாளி மனைவி, தூக்கமில்லாத கண்கள். முறையாகக் கதை எழுதுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். மாட்டேன். 'அந்தப் பொண்ணு அறையைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டா' என்று விசாரணைக் குழுவிடம் வாய் கூசாமல் சொன்ன ஆளுக்கு என் கதையில் மனைவி கிடையாது.]

4

அக்கா எங்கே போயிருந்தாள் என்று கேட்பீர்கள்.

'தண்ணீர் குடிக்க அவள் கீழே—'

'அலுவலகத்திலிருந்து யாரோ அவளைக் கூப்—'

கதையின் முதல் வரியை அடித்துவிடுங்கள். இந்தக் கதை கோபத்துக்கு முன்பே, அன்று பதினொன்று முப்பத்தாறுக்கு, ஒரு போன் காலில் பிறந்தது. கூப்பிட்டது நான். மின்சாரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருந்தேன், ஒரு வரி சரியாக வரவில்லை. போன் அளவீட்டைக் கெடுக்கும் என்பதால் அவள் வெளியே போய் நின்று பேசினாள். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள் என்று எழுதினேனே, அது பச்சைப் பொய். இரண்டாம் பகுதி முழுக்கப் போனில் நடந்தது. அவள் 'வரும், நிக்கும்' என்று எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளே அந்த ஆள் கேபிளைப் பிடுங்கினார்.

5

"நான் வந்து சாட்சி சொல்றேன்க்கா."

"என்னன்னு? வேலை நேரத்துல உன்கிட்ட கதை பேசிட்டிருந்தேன்னா?"

"பிடுங்கினது அவர்தானே."

"போனை எடுத்தது நான்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

முடிவு ஒன்று: கடிதத்தைக் கிழித்து மைக்கின் முகத்தில் எறிகிறாள். நீங்கள் கைதட்டுகிறீர்கள். முடிவு இரண்டு: கையெழுத்துப் போடுகிறாள். நீங்கள் கண் கலங்குகிறீர்கள். இரண்டிலும் நான் நைசாக நழுவிவிடுகிறேன், கவனித்தீர்களா? மூன்றாவதை எழுதினாலும் அதைத்தான் செய்வேன். எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

நாலு ஐம்பது. அக்கா கடிதத்தை மேசையில் விரித்துவிட்டு என்னிடம் பேனா கேட்கிறாள். நீட்டிய கையை அவள் எடுக்கவில்லை. நான் இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறேன். நிறுத்தினால் கொடுத்தாக வேண்டும். கொடுக்கட்டுமா?