ராணியம்மாள் வீட்டுக் கூரையில் ஓர் ஓட்டை

சோகத்தை வெளிச்சத்தாலேயே காட்டத் தெரிந்தவன் நான் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம். 1958. மலைக் கிராமமான புதூர்நாட்டில் படப்பிடிப்பு. காமிராமேன் காய்ச்சலில் படுத்துவிட்டதால், உதவியாளனான என்னிடம் டைரக்டர் தாண்டவராயன் ஒரு காட்சியைக் கொடுத்தார். விதவை ஒருத்தி குடிசையில் தனியாக அழுகிறாள். அது தேறினால் நான் காமிராமேன். தேறாவிட்டால் வாணியம்பாடியில் என் தகப்பனாரின் தோல் மண்டி.

குடிசைக்கு ஜன்னல் கிடையாது. கூரையில் ஓர் ஓட்டை போட்டால் வெளிச்சம் அவள் முகத்தில் மட்டும் விழும், சுற்றிலும் இருட்டு. இதை யோசித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. வீட்டுக்காரி ராணியம்மாளிடம் கேட்டேன்.

“கூரைய கொஞ்சம் பிரிச்சுக்கட்டுமாம்மா?”

“பிரிச்சுக்கங்க, அதுக்கு இன்னா.”

பிரித்தேன். நினைத்தபடியே வெளிச்சம் விழுந்தது. கதாநாயகியின் மேக்கப் முடியட்டும் என்று டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அரை ஊர் கூரைமேல் உட்கார்ந்து புதுப்புல் வேய்ந்து முடித்திருந்தது. என் ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

“இன்னாம்மா இது?”

“ஒரு வூட்டுக் கூரையப் பிரிச்சா ஊரே வந்து மேஞ்சு குடுப்பமுங்க. நீங்க ஒண்டியா ஏறி மேய்வீங்களா இன்னா?”

“மறுபடி பிரிச்சுக்கட்டுமா?”

“மேஞ்ச அன்னிக்கே பிரிச்சா வூட்டுக்கு ஆகாதுங்க.”

தோல் மண்டி வாடை அப்போதே மூக்கில் ஏறிவிட்டது.

மிச்சம் இருந்தது வாசல் ஒன்றுதான். வெளியே ரிஃப்ளெக்டரை வைத்து வெயிலை உள்ளே திருப்பினேன். சுவர் முழுக்கப் பளிச்சென்று கல்யாண வீட்டுக் களை. வேறு வழியில்லாமல் காமிராவை ஓடவிட்டேன். கதாநாயகி அழத் தொடங்கியதும், கூரையிலிருந்து இறங்கியவர்கள் வேடிக்கை பார்க்க வாசலில் குவிந்தார்கள். சுவரில் தலைதலையாக நிழல் ஏறி அவளை மூடியது. கையில் இருந்ததோ கடைசி ரோல். என் பிழைப்பு போவதை நானே படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மெட்ராஸில் போட்டுப் பார்த்தபோது தாண்டவராயன் எழுந்து நின்றுவிட்டார்.

“ஊரே கூடி அவள நெருக்குதேப்பா நசருல்லா. எப்படித் தோணுச்சு?”

நடந்ததை அப்படியே சொன்னேன்.

“அடக்கத்தப் பாரு,” என்று முதுகில் தட்டினார்.

காமிராமேன் ஆகிவிட்டேன். அடுத்த படத்திலும் அந்த நிழல் வேண்டும் என்றார். ஸ்டுடியோ ஆட்களை விளக்குக்கு முன்னால் நிறுத்தினேன், குனியச் சொன்னேன், நெருங்கச் சொன்னேன். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரியே இருந்தது.

“என்னப்பா, உன் கலை எங்க போச்சு?” என்றார் தாண்டவராயன்.

“புதூர்நாட்டுல கூரை மேஞ்சுட்டு இருக்குங்க,” என்றேன்.

அதையும் அடக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டார்.