கீனன் மேபரியின் இடது கை

1

இது நான் ஒட்டுக்கேட்ட கதை. இண்டியானாவில் ஒரு சிறிய கல்லூரியின் கூடைப்பந்து அரங்கில் தரை துடைக்கிறேன். துடைப்பத்தோடு நிற்பவன் முன்னால் யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. காதில் விழாத இடங்களை நானே நிரப்பியிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி கொட்டிய பிப்ரவரி மாலையில் வெண்டல் புரூவிட் என்பவர்—"

வேண்டாம். இங்கே பிப்ரவரியில் பனி ஒரு செய்தியே இல்லை.

2

வெண்டல் தொழில்முறை அணி ஒன்றுக்கு ஆள் பார்த்துச் சொல்பவர். அன்று பார்க்க வந்தது கீனன் மேபரியை. பந்தை நடத்திச் செல்லும் 'கார்டு' ஆட்டக்காரன், கடைசி வருட மாணவன். கல்லூரி கொடுத்த ஆட்டக்காரர் விவரத் தாளில் உயரம் ஆறடி மூன்று அங்குலம். அந்தத் தாளை இந்தத் தொழிலில் யாரும் நம்புவதில்லை. வெண்டல் நடைவழியில் சும்மா பேசுவது போல அவன் பக்கத்தில் போய் நின்றார். காதுக்குக் காது சரியாக இருந்தது. அவர் ஆறடி ஒன்று.

"என்ன சார், குறைஞ்சுட்டேனா?"

"உங்க காலேஜ் உனக்கு ரெண்டு அங்குலம் தானம் பண்ணியிருக்கு."

"இதுல தாராளம்தான் சார். சாப்பாட்டுலதான் கையை இறுக்கிப் பிடிப்பாங்க."

3

ஆட்டம் தொடங்கியதும் கீனன் இடப்பக்கம் புகுந்து இடது கையால் போட்டான். விழவில்லை. மறுபடியும் இடது கை. இடைவேளைக்குள் ஐந்து தவறின. (ஒன்றையாவது நான் உள்ளே விழ வைத்திருக்கலாம். அவன் அப்படிப்பட்ட உதவி கேட்கிற ஆளாகத் தெரியவில்லை.)

பக்கத்து இருக்கையில் வேறு அணிக்கு ஆள் பார்க்கும் கிம்ப்ரோ கிளம்புவதற்காகக் கோட்டை மாட்டிக்கொண்டார். "என்னப்பா வெண்டல், உன் மாப்பிள்ளைக்கு வலது கையே இல்லையா?"

இடைவேளையில் வெண்டல் போய், கீனனின் கோச் ஹோஸ்டெட்லரைப் பிடித்தார். "ஏன்யா இப்படி ஆடுறான்?"

"நவம்பர்ல போன்ல நீங்கதானே சொன்னீங்க, இவன் இடது கை பாக்கெட்டுல போடத்தான் லாயக்குன்னு?"

"அதைப் போய் அவன்கிட்ட சொன்னியா?"

"கேட்டான், சொன்னேன். அன்னிலேருந்து விடியறதுக்கு முன்னாடி ஜிம்மைத் தொறக்கச் சொல்லி என் உயிரை எடுக்கிறான். பல் தேய்க்கிறதுகூட இடது கைதான்."

4

"வெண்டல் இளகிப்போனார்" என்று எழுதி அடித்துவிட்டேன். இருபது வருடம் பிறர் குறையை எழுதிச் சாப்பிட்டவர். பார்த்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டாம் பாதியில் இன்னும் இரண்டு தவறின. எட்டாவதும் இடது கைதான், விழுந்தது. கீனன் துள்ளவில்லை. திரும்பி, தான் தடுக்க வேண்டிய எதிரணி ஆளைப் பிடிக்க ஓடினான். கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது மட்டும் வலப்பக்கம் போய் வலது கையால் போட்டு ஜெயித்துக் கொடுத்தான்.

வெண்டல் அனுப்ப வேண்டிய அறிக்கையில் 'பலவீனம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு வரிக்குத்தான் இடம். மேலிடம் முதலில் படிப்பது அதைத்தான். பல பேரின் கதை அதோடு முடிந்துவிடும்.

"எழுதிட்டீங்களா சார்?" துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கீனன் வந்தான்.

"இல்ல."

"எட்டுல ஒண்ணுதான். உள்ளதையே எழுதுங்க. டீம்காரங்க ஆள் எடுக்கிற தேர்வுக்கு நாலு மாசம் இருக்கு."

5

முடிவு அ: வெண்டல் "இடது கை" என்று எழுதினார். ஜூனில் கீனனை யாரும் கூப்பிடவில்லை.

முடிவு ஆ: கட்டத்தை வெறுமையாக விட்டார். மேலிடம் அவரை—

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. வெண்டல் பார்த்ததை எல்லாம் நீங்களும் பார்த்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியை நீங்களே எழுதுங்கள். யோசித்து எழுதுங்கள். எப்படியும் அது அவனிடம் போய்ச் சேரும். சொன்னதை அப்படியே நம்பிவிடுகிற பையன்.