அறுபது முறை ஏமாந்த வயிறு

பிஸ்கட் ஆலையில் ருசி பார்ப்பது அவள் வேலை. அடுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை எடுத்து மென்று, இனிப்பு, மொறுமொறுப்பு எல்லாவற்றையும் தாளில் குறித்துவிட்டு, கிண்ணத்தில் துப்பிவிட வேண்டும். வயிறு நிறைந்தால் நாக்கு மழுங்கிவிடுமாம். அதனால் விழுங்கக் கூடாது; காலையில் வெறும் வயிற்றோடுதான் வர வேண்டும். ஒன்பது வருடமாக அப்படியே பழகியிருந்தாள்.

இப்போது இரண்டு வருடமாக எரிச்சல். பதினோரு மணிக்கெல்லாம் மேல்வயிறு தணலாகக் காந்தும். வீட்டில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நாள் பூரா பிஸ்கட்டா தின்னா எரியாம என்ன செய்யும்?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணுகூட உள்ள போறதில்லக்கா."

இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே வாய் ஓய்ந்துவிட்டது.

கடைசியில் டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார். புண் இல்லை, உள்சுவர் மட்டும் சிவந்திருந்தது. என்ன வேலை என்று கேட்டார். சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார்.

"வாயில ருசி பட்டதுமே, சாப்பாடு வருதுன்னு மூளை நரம்பு வழியா வயித்துக்குச் சொல்லிடும்மா. நரம்பு நுனியில குட்டியா ஒரு புரதத் துண்டு சுரக்கும். அது ஒரு ஹார்மோனை எழுப்பிவிடும். அமிலம் ஊறும்."

"போதும்னு சொல்ல அங்க யாரும் இல்லையா டாக்டர்?"

"இருக்கு. அமிலம் ஏறுனா அடக்குறதுக்கும் ஒரு துண்டு இருக்கு. அதுக்குள்ள நீங்க அடுத்த பிஸ்கட்ட மென்னுடுறீங்களே. ஒரு நாளைக்கு எத்தனை?"

"அறுபது இருக்கும்."

டாக்டர் மீண்டும் பேனாவை எடுத்தார். மாத்திரையோடு, சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும் என்றும் சீட்டில் எழுதித் தந்தார். அழுகை வரும் என்று நினைத்தாள், அசதிதான் வந்தது.

சீட்டைப் பார்த்த மேற்பார்வையாளர் உதட்டைப் பிதுக்கினார். "சாப்டுட்டு வந்தா நாக்கு வேலைக்காகாதும்மா. வேணும்னா பேக்கிங்குக்குப் போங்க."

போனாள். நாள் முழுக்க நின்றபடியே வேலை, கால் கடுத்தது. அடுப்பு வாசனை மூக்கில் ஏறும்போது வயிறு இன்னும் லேசாகக் காந்தியது. ஆனால் மூன்றாம் வாரம் ஒரு நாள், பதினோரு மணி தாண்டியதே தெரியாமல் மதியமாகியிருந்தது.

மறுநாள் காலை தட்டோடு உட்கார்ந்தவளை நாத்தனார் ஏற இறங்கப் பார்த்தாள். "உன்னைப் பேக்கிங்குக்கு எறக்கிட்டாங்களாமே?"

"ஆமாக்கா," என்றாள் அவள், தட்டை நீட்டியபடி. "இன்னும் ஒரு கரண்டி போடுங்க."