இருபத்தைந்து நிமிடப் பூட்டு

என் கடைக் கம்ப்யூட்டர் முழுதாக எழுந்து உட்கார இருபத்தைந்து நிமிடம் ஆகும். மிகைப்படுத்தவில்லை, கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன். திருச்சுழி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே 'ஸ்ரீமதி ஆன்லைன் சென்டர்' என்று ஒரு பலகை தொங்கும். அதுதான் என் கடை. வருமானச் சான்று, பட்டா நகல், பயிர்க் காப்பீடு என்று யார் எதற்கு வந்தாலும் அந்த ஒரு கம்ப்யூட்டர்தான், நான் ஒருத்திதான். தினமும் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து, ஷட்டரைத் தூக்கி, சரியாக ஒன்பது மணிக்குப் பொத்தானை அமுக்குவேன். அதற்குப் பிறகு எல்லாம் அதன் இஷ்டம்.

பொத்தானை அமுக்கியதும் தானாகக் கிளம்பும் புரோகிராம்கள் மட்டும் பத்தொன்பது. கொரோனா காலத்தில் என் மகன் ஆன்லைன் வகுப்புக்காகப் போட்ட மீட்டிங் ஆப், எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்ட பிரிண்டரின் சாப்ட்வேர், ஒன்றையொன்று சந்தேகப்படும் இரண்டு ஆன்டிவைரஸ், கைரேகைக் கருவிக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் ஏழெட்டு. கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முண்டியடிக்கிறவர்களைப் போல எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே நுழையப் பார்க்கும். அதுவரை மவுஸை ஆட்டினாலும் திரையில் ஒன்றும் அசையாது. ஆரம்பத்தில் வாயில் வந்தபடி திட்டுவேன். பிறகு விட்டுவிட்டேன்.

காரணம் நர்கிஸ். பக்கத்துக் கடையில் ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறவள். என்னைவிட ஆறேழு வயது இளையவள். கணவர் ஒலி முகம்மது சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். வீட்டில் மாமியார் மீரான் பீவி, நாத்தனார், இரண்டு பிள்ளைகள் என்று எப்போதும் சத்தம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், சத்தம் கன்னடத்தில் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் வரை அவள் பிளாஸ்கோடு என் கடைக்கு வந்துவிடுவாள். பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு இருவரும் டீ குடிப்போம்.

காத்திருக்கும் ஆட்களிடம், "கம்ப்யூட்டர் இன்னும் வரலக்கா, செத்த உக்காருங்க" என்பேன். உட்கார்ந்துவிடுவார்கள். முகம் சுளித்தவர் ஒருவர்கூட இல்லை. இரண்டு பெண்கள் காலை நேரத்தில் இருபத்தைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றால் ஊர் ஆயிரம் கேள்வி கேட்கும். கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. இதை நான் கண்டுபிடித்து மூன்று வருடம் ஆகிறது.

போன மாதம் ஒரு புதன்கிழமை. டீயை ஊற்றிவிட்டு நர்கிஸ், "அக்கா, ஒரு விசயம் சொல்லணும். அவுக போன்ல..." என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துத் திரை விழித்துக்கொண்டது. கூட்டம் எழுந்து மேஜையைச் சூழ்ந்தது. "சரி, நாளைக்குச் சொல்றேன்" என்று பிளாஸ்க்கை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் கம்ப்யூட்டர் செத்துப்போனது. நீலத் திரையில் ஏதோ எழுத்து வந்தது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் சக்திகுமார் அதைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டுபோய் அருப்புக்கோட்டையில் முகம்மது அனீஸிடம் கொடுத்தார். அனீஸ் கெட்டிக்காரப் பையன். மூன்று நாள் வைத்திருந்து, விண்டோஸை அடியோடு அழித்து மறுபடி ஏற்றி, உள்ளே புதிதாக எஸ்.எஸ்.டி. என்று வேகமான டிஸ்க் ஒன்றையும் மாட்டி, திங்கட்கிழமை காலையில் அவனே கடைக்குக் கொண்டுவந்து வைத்தான்.

"இப்பப் பாருங்கக்கா" என்று பொத்தானை அமுக்கினான். நான் கைப்பையைக் கீழே வைத்து நிமிர்வதற்குள் திரை பளிச்சென்று நின்றது. "பதினாலே செகண்டு. ஸ்டார்ட்டப்புல ஒண்ணு விடாம ஆஃப் பண்ணிட்டேன். பாஸ்வேர்டும் எடுத்துவிட்டுட்டேன், அமுக்குனா நேரா உள்ள போயிரும். நீங்க ஒரு நிமிசம் காத்திருக்க வேணாம்."

அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து நானும் சிரித்து வைத்தேன். வாசலில் எம்.ரெட்டியபட்டித் தங்கமாரியக்கா நின்றார். பருத்திக் காட்டு வேலைக்குப் போகிறவர். மகள் ஜெகதீஸ்வரிக்குக் கல்லூரியில் கொடுக்க முதல் பட்டதாரிச் சான்று வேண்டும். அவருக்குப் பின்னால் நான்கு பேர். நர்கிஸ் பிளாஸ்கோடு வந்தாள், வெளிச்சமாக நின்ற திரையைப் பார்த்தாள், "நீங்க வேலையப் பாருங்கக்கா" என்று திரும்பிவிட்டாள்.

செவ்வாயும் அப்படித்தான், புதனும் அப்படித்தான். பதினான்கு நொடியில் ஒரு மடக்கு டீகூட இறங்காது. சாயங்காலம் பேசலாம் என்றால் நான்கு மணிக்கே பிள்ளைகளைக் கூப்பிட அவள் கிளம்பிவிடுவாள். போனில் கேட்டால் மாமியார் பக்கத்தில் இருப்பார். புதன்கிழமை மதியம் அவள் கடைக்கே போய், "என்ன விசயம், இப்பச் சொல்லு" என்றேன். மெஷினை நிறுத்தாமலே, "இது நின்னுக்கிட்டுச் சொல்ற விசயம் இல்லக்கா" என்றாள். அதற்குள் என் கடையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை ஒரு ஆள் அவள் கடைக்குள் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தான். இந்தப் பக்கச் சுவருக்கு எத்தனை கண்ணாடி அலமாரி வரும் என்று தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டான். நர்கிஸ் தையல் மெஷினை ஓரமாக நகர்த்திவிட்டு, தலையைக் குனிந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தாள். நான் எட்டிப் பார்த்தது தெரிந்தும் நிமிரவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேல் அல்ல, அந்தப் பதினான்கு நொடி மேல். அவள் கடையை எடுக்கப்போகிறாள், அதைச் சொல்ல ஒரு வாரமாக என்னைத் தேடியிருக்கிறாள், நான் உலகத்துக்கெல்லாம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அன்று மாலையே அனீஸுக்குப் போன் போட்டேன். "தம்பி, பழையபடி ஆக்கிக் குடு."

"எதக்கா?"

"அந்த இருபத்தஞ்சு நிமிசத்த."

அனீஸ் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், ஸ்டார்ட்டப் பட்டியலை எப்படித் திறப்பது என்று சொல்லிக் கொடுத்தான். இருக்கிற புரோகிராம்களை எல்லாம் ஆன் செய்தேன். மீட்டிங் ஆப்பை மறுபடி இறக்கினேன். இல்லாத பிரிண்டருக்கும் சாப்ட்வேர் ஏற்றினேன். அணைத்துப் போட்டேன். முப்பத்தெட்டு நொடி.

"எஸ்.எஸ்.டி.க்கா. என்ன போட்டாலும் தாங்கும்" என்றான் அனீஸ்.

"தாங்க வேணாம்ப்பா."

"எதுக்குக்கா இப்பிடி?"

சொன்னேன். நர்கிஸ், பிளாஸ்க், டேப் பிடித்த ஆள், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அக்கா, அதுக்கு ஸ்டார்ட்டப்ப நோண்டக் கூடாது. லாகின்ல வேல இருக்கு" என்றான். முதலில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னான். பிறகு ஒரு கறுப்புத் திரையைத் திறக்கச் சொல்லி, இங்கிலீஷில் ஒரு வரியை எழுத்தெழுத்தாகச் சொன்னான். "இப்ப மூணு தடவ தப்பான பாஸ்வேர்டு போட்டா அதுவே பூட்டிக்கிரும். பெறகு சரியான பாஸ்வேர்டு போட்டாலும் தெறக்காது. எத்தன நிமிசம் வைக்க?"

"இதென்னப்பா கேள்வி."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி. தங்கமாரியக்கா சான்று வந்துவிட்டதா என்று பார்க்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். பாஸ்வேர்டு கேட்டது. முதல் தடவை என் மாமனார் பெயரை அடித்தேன். தப்பு என்றது. இரண்டாவது தடவை அருப்புக்கோட்டை பஸ்ஸின் நேரத்தை அடித்தேன். மூன்றாவதாக என்ன அடித்தேன் என்று சொல்ல மாட்டேன், சக்திகுமார் வருத்தப்படுவார். கணக்குப் பூட்டப்பட்டது என்று திரையில் வந்தது.

"லாக் ஆயிருச்சு. இருபத்தஞ்சு நிமிசம் ஆகும், செத்த உக்காருங்க" என்றேன். ஒரு பொய்கூட இல்லை.

"ஆகட்டும் தாயி. மெசினுதான" என்றார் தங்கமாரியக்கா. மற்ற இருவரும் டீக்கடைக்குப் போனார்கள். நான் சுவரைத் தட்டினேன். நர்கிஸ் வந்து திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போய்ப் பிளாஸ்க்கை எடுத்துவந்தாள்.

விஷயம் இதுதான். ஒலி முகம்மது தம்மாமை விட்டு மொத்தமாகத் திரும்பி வருகிறார். வந்து செல்போன் கடை வைக்க வேண்டும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நல்ல இடமாக ஒரு கடை ஏற்கெனவே கையில் இருக்கும்போது வேறு எதற்கு என்று முடிவு செய்துவிட்டார். நீ வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாமே என்று சொல்லியிருக்கிறார். அளந்த ஆள் அவருடைய சித்தப்பா மகன்.

"அவுக கெட்டவுக இல்லக்கா. நான் தலையாட்டிட்டேன், அதான் தப்பு."

"மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதான?"

"வாய்விட்டு ஒரு தடவ சொல்லிப் பாத்தாத்தான அவுககிட்டச் சொல்ல வரும். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். நீங்கதான் பிரிண்ட் எடுத்துக்கிட்டே இருந்தீக."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இப்பச் சொல்லு" என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "கடைய விட மாட்டேன்" என்றாள். காதில் விழவில்லை என்றேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். மூன்றாவது தடவை சொன்னபோது பெஞ்சில் இருந்த தங்கமாரியக்கா, "இப்ப நல்லாருக்கு" என்றார்.

கடிகாரம் பார்த்தேன். இன்னும் பத்து நிமிடம் இருந்தது. தம்மாமில் ஏழு மணிகூட ஆகியிருக்காது, வெள்ளிக்கிழமை அங்கே லீவு, ரூமில்தான் இருப்பார். நர்கிஸ் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன நர்கிஸு, காலங்காத்தால? புள்ளைகளுக்கு ஏதும்..."

"புள்ளைக நல்லாருக்கு. நான் கடைய விட மாட்டேன்."

அங்கே ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "நீதான சரின்னு தலையாட்டுன?"

"ஆட்டுனேன். பக்கத்துல மாமி இருந்தாக. அம்பத்திரெண்டு வாடிக்க எனக்கு இருக்காக, வீட்டுல வந்து அளவு குடுப்பாகளா? என் கடைங்க அது."

"அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல. ஏன் இத்தன நாளு சொல்லல?"

நர்கிஸ் என்னைப் பார்த்தாள். பிறகு பூட்டிய திரையைப் பார்த்தாள். "ஸ்ரீமதியக்கா கம்ப்யூட்டரு ரிப்பேரு" என்றாள்.

அவருக்கு அது எப்படிப் புரிந்திருக்கும் என்று தெரியவில்லை. பாவம், கேட்கவும் இல்லை. "அப்ப நான் எங்கிட்டுக் கடை வைக்க?" என்றார்.

"எங்க ஊருக்கு ரோடு பிரியிற விலக்குல புதுசா மூணு கடை கட்டிச் சும்மாக் கெடக்கு. செல்லுக்கு ஒரு சார்ஜர் வாங்கணும்னாக்கூட நாங்க இம்புட்டுத் தூரம் வாரோம்" என்றார் தங்கமாரியக்கா, பெஞ்சிலிருந்தபடியே.

"அது யாரு?"

"கம்ப்யூட்டருக்கு உக்காந்திருக்கவுக" என்றாள் நர்கிஸ்.

ஒலி முகம்மது முதல் தடவையாகச் சிரித்தார். டேப் கொண்டுவந்தவனை இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகவும், வந்ததும் அந்த விலக்குக் கடைகளைப் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். நர்கிஸ் போய்த் தையல் மெஷினைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டாள். அந்தச் சத்தம் சுவர் வழியாகக் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பூட்டுத் திறந்ததும் சான்றைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். தங்கமாரியக்கா மகள் பெயரின் மேல் விரலை வைத்துப் பார்த்து, மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சக்திகுமார் பதினான்கு நொடி அதிசயத்தைப் பார்க்க வந்தார். நான் மூன்று தடவை தப்பாக அடித்ததைப் பார்த்துவிட்டு, "வயசாகுது உனக்கு. பாஸ்வேர்ட ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டி வை" என்று புத்தி சொன்னார். எழுதி ஒட்டியிருக்கிறேன். அதில் இருக்கும் மூன்றும் தப்பான பாஸ்வேர்டு.

செவ்வாய்க்கிழமை தங்கமாரியக்கா எனக்கு முன்பே வந்து கடை வாசலில் நின்றார். மகளுக்கு ஸ்காலர்ஷிப் பாரம் போட வேண்டும். ஷேர் ஆட்டோவில் நெரிபட்டு வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது, கையில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. எனக்குக் குற்றமாகப் பட்டது. நாங்கள் பேசுவதற்காகக் காட்டு வேலைக்குப் போகிறவரை எதற்குக் காக்க வைக்க வேண்டும்? சரியான பாஸ்வேர்டையே போட்டேன். சட்டென்று திறந்தது.

"வாங்கக்கா. இன்னைக்கு ஒடனே முடிச்சு அனுப்பிர்றேன்."

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "தெறந்துருச்சா?" என்றார்.

"ஏங்க்கா?"

"கம்ப்யூட்டரு லேட்டாகும், பத்து மணிக்குத்தான் வருவேன்னு காட்டுல சொல்லிட்டு வந்தேன்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் நீ சிரிச்சுக்கிட்டே தப்பாப் போட்டத நானும் பாத்தேன். இன்னைக்கும் போடேன் தாயி. நானும் செத்த உக்காந்துக்கிர்றேன்."

நர்கிஸ் பிளாஸ்கோடு உள்ளே வந்தாள். கையில் மூன்று டம்ளர் இருந்தது.

நான் திரையைப் பூட்டினேன், மறுபடி பாஸ்வேர்டு கேட்டது. முதல் தப்பை நான் போட்டேன், இரண்டாவதை நர்கிஸ் போட்டாள். மூன்றாவதைத் தங்கமாரியக்காவைப் போடச் சொன்னேன். அவர் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எது வேண்டுமானாலும் அமுக்கலாமா என்று கேட்டு, நான்கைந்து எழுத்தை நிதானமாக அமுக்கினார். திரை பூட்டிக்கொண்டது. அவர் நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.